ஒன்பதாவது வளைவு

மார்ச் 30, திங்கள்

காலையிலேயே புழுக்கம். நேற்று மாலை மழை. முற்றம் முழுக்கக் கொன்றைப் பூ. பெருக்கக் கூடாது என்று ஷைனி உத்தரவு. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததிலிருந்து இந்த வீட்டில் மகள் வைத்ததுதான் சட்டம்.

லீவில் ஐந்தாம் நாள். பத்தொன்பது வருடம் பஸ் ஓட்டியதில் சேர்ந்தாற்போல் இத்தனை நாள் வீட்டில் இருந்ததில்லை. நாலரைக்கே விழிப்பு. டிப்போவுக்குப் போக வேண்டாம் என்பது கால்களுக்குத் தெரியவில்லை.

இன்றைய வேலை: குழாய்க்கு வாஷர். கோழிக்கூட்டுக் கதவு. வீட்டுக்காரி கிரேஸின் தையல் மெஷினுக்கு எண்ணெய். பத்தரைக்குள் எல்லாம் முடிந்தது. பிறகு கரமனைப் பாலம் வரை ஒரு நடை. திரும்பி வந்து இன்னொரு நடை.

மதிலுக்கு மேலாக அடுத்த வீட்டு அம்மாவிடம் கிரேஸ்: "பிள்ளைக்கு லீவுன்னு அவியளும் லீவு போட்டிருக்காவ. இந்த வருசந்தான் புத்தி வந்திருக்கு." குரலில் அத்தனை சந்தோஷம். எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் எடுப்பதில்லை.

போன புதன்கிழமை. பொன்முடி மலையிலிருந்து இறங்கும் காலை ட்ரிப். ஒன்பதாவது வளைவு திரும்பியதும் கண் இருண்டது. எத்தனை நொடி, தெரியாது. பார்வை வந்தபோது வண்டி நின்றிருந்தது. சாலையோரச் சுவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம். சுவருக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி. என் கால் பிரேக்கில். நான் வைத்ததாக நினைவில்லை.

கண்டக்டர் சசி பின்னாலிருந்து, "எந்தா அண்ணா?"

"மாடு" என்றேன்.

யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சின்னப் பெண் பாடிக்கொண்டிருந்தாள், பாட்டை நிறுத்தக்கூட இல்லை. மறுநாளே லீவு. காரணம்: குடும்பத் தேவை.

ஏப்ரல் 2, வியாழன்

வெயில். மூன்று மணிக்கு இடி, மழை இல்லை.

அடுத்த வீட்டிலிருந்து ஒரு பலாப்பழம். தரையில் பேப்பர் விரித்து மூன்று பேரும் கையில் தேங்காயெண்ணெயோடு. ஷைனி உரித்ததில் பாதி அவள் வாய்க்குள். கிரேஸ் மூக்கில் பால் ஒட்டிக்கொண்டது, எடுக்க எடுக்க இன்னும் பரவியது, அவளே சிரித்தாள். கொஞ்ச நேரம் எல்லாம் மறந்திருந்தேன்.

அப்புறம் ஷைனி ஆரம்பித்தாள். "அப்பா, எனக்க கிளாஸ்ல எல்லாரும் பொன்முடி போயிட்டு வந்தாச்சு. நீங்க டெய்லி போற ரூட்டு, நான் மாத்ரம் கண்டதே இல்ல."

"சனிக்கிழமை போவம்" என்றாள் கிரேஸ்.

வெயில் என்றேன். மழை வரும் என்றேன். கூட்டம் என்றேன்.

"வீட்லயும் ஒரு எடத்துல இருக்க மாட்டிய. கூப்பிட்டா வெளியவும் வர மாட்டிய. பின்ன என்னத்துக்கு இந்த லீவு?"

சரி என்றுவிட்டேன்.

ஏப்ரல் 4, சனி

போய் வந்தாயிற்று. உடம்பு அசதி, மனசு அதைவிட.

என் ரூட் பஸ்தான், ஸ்டியரிங்கில் வேறு ஆள், சின்ன வயது, நல்ல கை. விதுரையில் டீ. ஏறும்போது பயம் இல்லை. மேலே மூடுபனி, காற்று. ஷைனி புல்லில் ஓடினாள், கத்தினாள், ஓடினாள். கிரேஸ் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கல்யாணமான புதிதில் அப்படி நடப்பாள்.

இறங்கும்போதுதான். வளைவு நெருங்க நெருங்க முன்சீட்டுக் கம்பியை இறுக்கிக்கொண்டேன். வலது கால் பலகையை மிதித்தது.

"அப்பா, வண்டி ஓட்டுறது நீங்க இல்ல" என்று சிரித்தாள் ஷைனி. கிரேஸ் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்தாள்.

கல்லாற்றங்கரையில் இறங்கினோம். ஷைனி பாறைமேல் தூரப் போன பிறகு, தண்ணீரில் கால் வைத்து உட்கார்ந்து கிரேஸிடம் சொன்னேன். முழுதும்.

ஏன் மறைத்தீர்கள் என்று கேட்பாள் என நினைத்தேன். கேட்டது வேறு.

"வண்டியில எத்தன பேரு இருந்தாவ?"

"முப்பதுக்கு மேல."

"பிள்ளைய?"

"ரெண்டு மூணு."

காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொண்டாள். "எங்களுக்காக லீவு போட்டிருக்கியன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு" என்றாள். பிறகு, "திங்கக்கிழமை டாக்டரப் பாக்கணும். நானும் வருவேன்."

திரும்பும் வழி முழுக்க ஷைனி மட்டும் பேசினாள்.

ஏப்ரல் 5, குருத்தோலை ஞாயிறு

சர்ச். ஷைனி கையில் குருத்தோலை. பாட்டுக்கு வாய் அசைத்தேன்.

திரும்பும்போது கிரேஸ் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். மாங்காய் போட்ட மீன் குழம்பு. வழக்கம்போல் என் தட்டில் ஒரு துண்டு அதிகம்.

மத்தியானம் படுத்தேன், எழுந்தேன், படுத்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

ஆஸ்பத்திரி. ஈ.சி.ஜி. நாடித்துடிப்பு நடுவில் தப்புகிறது என்றார் டாக்டர். இன்னும் சில பரிசோதனை பாக்கி. அதுவரை வண்டியைத் தொடக்கூடாது.

"இதுதான் முதல் தடவையா?"

"ஆமா."

கிரேஸ் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ரெண்டாவது" என்றேன். கிறிஸ்துமஸ் வாரம் கிணற்றடியில் ஒரு முறை. அவளுக்கும் அது இன்றுதான் தெரியும்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் நின்றேன். வேறு என்ன செய்வது.

ஷைனியிடம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் நானே சொன்னேன். "அதுக்குத்தானா அந்தக் கம்பியப் பிடிச்சிய?" என்றாள். அன்று பஸ்ஸில் சிரித்ததற்கு வருத்தப்படுகிறாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

டிப்போ. டாக்டர் சீட்டோடு ஒரு ஃபாரம். மயக்கம் எப்போது, எங்கே என்று ஒரு கட்டம். ஆபீஸ் கிளார்க் நல்ல மனுஷன், என்னோடு பல வருடப் பழக்கம். குரலைத் தாழ்த்தி, "அண்ணா, வீட்டில் வெச்சுன்னு எழுதியா மதி. வண்டியில் வெச்சுன்னா அன்வேஷணம் வரும். பின்னே ஸ்டியரிங் கிட்டுமோன்னு அறிஞ்சூடா" என்றார். வீடு என்று எழுதினால் போதுமாம்; வண்டி என்றால் விசாரணை, பிறகு ஸ்டியரிங் கிடைக்குமோ தெரியாது.

பேனாவை மூடினேன். திறந்தேன். வீட்டில் என்று எழுத நாலே எழுத்து. பத்தொன்பது வருடம்.

எழுதினேன்: மார்ச் 25, காலை, பொன்முடி இறக்கம். வண்டி ஓட்டும்போது. பயணிகள் இருந்தனர். அன்றே தெரிவிக்காதது என் தவறு.

கிளார்க் இரண்டு முறை படித்தார். சீல் வைத்தார்.

கேட்டுக்கு வெளியே கிரேஸ். "எப்பிடி எழுதினிய?"

"நடந்தபடி."

தலையாட்டினாள். இனி என்ன வேலை தருவார்கள், தருவார்களா, இரண்டு பேருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை.

கரமனையில் இறங்கும்போது மழை பிடித்துவிட்டது. ஒரே குடை, அவள் கையில். நான் கடை ஓரமாக ஒதுங்கினேன்.

"அங்க என்னத்துக்கு நிக்கிய" என்றாள். "இஞ்ச வாங்க, நனையாதிய."