யாரும் பார்க்காத கேள்வித்தாள்

நவம்பர் 24, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். கொரட்டூர் சுரங்கப்பாதையில் தண்ணீர். சுற்றிக்கொண்டு போய் ரயிலைப் பிடித்து அம்பத்தூரில் இறங்கும்போது செருப்பு ஊறிப் போய் சளக் சளக்.

முதல் பீரியட் முடிந்ததும் எச்.எம். கூப்பிட்டார். அரையாண்டுத் தேர்வுக்கு ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் கேள்வித்தாள் (இனி கே.தா.) இந்தத் தடவை என் முறை. அதற்குத்தான் என்று நினைத்துப் போனேன்.

"கல்பனா, தப்பா எடுத்துக்காதீங்க. கேள்வி நீங்க நல்லாத்தான் எடுப்பீங்க. ஆனா மார்க்கை ஓரத்துல நிறுத்தறது, பக்கம் பிரிக்கறது எல்லாம் உங்க வீட்டுக்காரர்தானே செய்யறார்? பேப்பரை வெளியாள் பார்க்கக் கூடாதில்லையா. இந்தத் தடவை விட்டுடுங்களேன்."

கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதில் இன்னும் எரிச்சல். பார்வை இல்லாமல் இத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், கடைசி பெஞ்சில் யார் பிஸ்கட் தின்கிறான் என்று கண்டுபிடிக்கிறேன், ஒரு தாளை ஒழுங்காக நிறுத்தி வைக்க மட்டும் சேகர் வேண்டும். பாவம் மனுஷன், போன தடவை ஆவடியில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து கொட்டாவி விட்டுக்கொண்டே செய்து கொடுத்தார்.

"அடுத்த திங்கள் நானே முடிச்சுக் கொண்டுவரேன் மேடம். யாரும் பார்க்க மாட்டாங்க."

வாய் முந்திக்கொண்டது. எப்படிச் செய்யப்போகிறேன் என்று தெரியாது.

வாங்க: கொத்தமல்லி, கொசுவத்தி, பென் டிரைவ்.

நவம்பர் 25, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். ஏரிப்பக்கத்துக் கொசு எல்லாம் எங்கள் வீட்டில்.

பள்ளியில் கொடுத்திருந்த பழைய கே.தா.வைத் திறந்து கேள்விகளை மட்டும் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். திறந்தால் அம்மணி உளறுகிறாள். (அம்மணி என்றால் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள். பெயர் நான் வைத்தது.) எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஒரே ஆங்கில எழுத்து. பழைய காலத்து எழுத்துருவில் அடித்த கோப்பு. கண் உள்ளவர்களுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது தமிழே இல்லை. தூக்கிப் போட்டேன்.

புதுக் கோப்பு. முதல் வரி தட்டினேன். "நிலக்கோளம், எழுத்துப்பிழை. என்றால், எழுத்துப்பிழை. என்ன, எழுத்துப்பிழை." சந்தேகம் வந்து என் பெயரைத் தட்டினேன். அதுவும் பிழையாம்.

தாமுவுக்கு போன். காலேஜில் கூடப் படித்தவன், ஆவடியில் ஒரு வங்கியில் இருக்கிறான், அவனுக்கும் பார்வை இல்லை. கேட்டுவிட்டு அப்படிச் சிரித்தான்.

"உன் கோப்புல மொழி இங்கிலீஷ்னு கீது கல்பனா. அதுக்குத் தமிழ்ல இன்னா எழுதினாலும் தப்புதான். எல்லாத்தையும் செலக்ட் பண்ணி மொழியத் தமிழ்னு மாத்து. அப்பால கூப்டு, மீதிய ஒண்ணொண்ணா பாக்கலாம்."

மாற்றினேன். அம்மணி வாயை மூடினாள். அந்த அமைதி இருக்கிறதே, அடடா.

நவம்பர் 27, வியாழன்

மூன்று நாளாகத் தாமு பாடம். மறந்துவிடாமல் இருக்க:

தானாக எண் போடுவதை நிறுத்தியாயிற்று. 1 என்று தட்டினால் அதுவாக வரியை உள்ளே தள்ளுகிற வேலையெல்லாம் இனி இல்லை.

பகுதி அ, பகுதி ஆ எல்லாம் தலைப்பு வகையில். சும்மா பெரிதாக்கித் தடிமனாக்கினால் கண்ணுக்குத்தான் தலைப்பு, அம்மணிக்கு அதுவும் ஒரு வரி. இப்போது ஒரே விசையில் பகுதி பகுதியாகத் தாவலாம்.

மதிப்பெண்: ஸ்பேஸ் தட்டித் தட்டி ஓரத்துக்குத் தள்ளக் கூடாது. வலது ஓரத்தில் டேப் நிறுத்தம் ஒன்று வைத்தால் போதும். ஒரு தட்டு, போய் நிற்கும்.

புதுப் பக்கம்: என்டரைப் போட்டு இறக்கக் கூடாது. கன்ட்ரோலும் என்டரும் சேர்த்து. இதுவரை நான் இறக்கி வைத்த கோப்புகளில் அம்மணி "காலி, காலி, காலி" என்று பிச்சைக்காரப் பாட்டு பாடினதற்கு நானே காரணம்.

கடைசியாக அம்மணியின் அமைப்பு. எழுத்தளவு, தடிமன், வலதா இடதா, எந்தப் பக்கம், எல்லாவற்றையும் அவள் சொல்லியாக வேண்டும். இது தெரியாமல் இத்தனை நாள் சேகரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கக்கேடு.

சேகர் வாசலில் நின்று, "நான் ஒரு தபா பாத்துடட்டா? நேரா கீதானு மட்டும்?"

"கிட்ட வந்தீங்க, காலை உடைச்சிடுவேன்."

"சரி தாயே" என்று போய்விட்டார். குரலில் கொஞ்சம் வருத்தம். அவருக்கும் அது பிடித்த வேலைதான் போல.

நவம்பர் 29, சனி

கே.தா. முடிந்தது! நானே! மூன்று பக்கம். இரண்டாம், மூன்றாம் பக்கங்களுக்கு நடுவே ஐந்து மதிப்பெண் வினா ஒன்று உடைந்திருந்ததைக்கூட அம்மணி சொல்லி, நானே சரிசெய்தேன். சந்தோஷத்தில் சேகருக்கு வெங்காய பஜ்ஜி.

நவம்பர் 30, ஞாயிறு

காலையில் நல்ல வெயில். ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டேன். கறிக்குழம்பு. ஹெட்போன் மாட்டினால் குக்கர் விசில் கேட்காது, அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். வழக்கமாக நான் ஓட்டுகிற வேகத்தில் அம்மணி பேசுவது வேறு யாருக்கும் புரியாது, தகர டப்பாவில் கல் உருளுகிற மாதிரி இருக்கிறது என்பார் சேகர். இன்று கடைசிச் சரிபார்ப்பு என்று வேகத்தைக் குறைத்து, சொல் சொல்லாக, முழுத்தாளையும் இரண்டு தடவை வாசிக்க விட்டேன். ஒரு பிழை இல்லை.

மதியம் பக்கத்து வீட்டு வசந்தா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். எங்கள் சமையலறை ஜன்னலும் அவர்கள் ஜன்னலும் எதிரெதிரே, நடுவில் கை நீட்டுகிற தூரம்தான்.

"இன்னா டீச்சர், காலைலர்ந்து உங்க ஊட்டு ரேடியோல ஒரு பொம்பள பாடம் எடுத்துகினே கீது? நல்லா நிறுத்தி நிதானமா சொல்லுது. மனித உரிமைனா இன்னா, அஞ்சு மதிப்பெண், அப்டீன்னு. எங்க பிரசாந்து டிவிய அணைச்சுட்டு ஜன்னலாண்ட குந்திகினு எழுதிகினே இருந்தான். என்னிக்கும் இல்லாத திருநாளா படிக்குதே புள்ளனு நானும் உட்டுட்டேன்."

பிரசாந்த் எங்கள் பள்ளி. ஒன்பதாம் வகுப்பு.

யாரும் பார்க்கக் கூடாது, பார்க்கக் கூடாது என்று கண்ணையே காவல் காத்தேன். காது என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டேன். யார்? நான்! காதை வைத்தே பிழைக்கிறவள்! தலையில் அடித்துக்கொண்டேன், நிஜமாகவே.

சேகர், "அந்தப் பையன் இன்னா கலெக்டரா ஆயிடப்போறான்? உடு. நாளிக்கு குட்த்துட்டு வா. யாருக்குத் தெரியும்?"

கொஞ்ச நேரம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்வானேன். வாரம் முழுக்க உயிரைக் கொடுத்துச் செய்தது. நாளைக்குக் கொடுக்காவிட்டால் இனி என் கைக்குக் கே.தா. வராது. ஆனால் பிரசாந்த் ஒருவனோடு நிற்குமா? நாளை மதியத்துக்குள் வகுப்பு முழுக்கப் பரவும். உட்கார்ந்து படித்த பிள்ளைகள் என்ன பாவம் செய்தன?

குழம்பைச் சேகரிடம் ஒப்படைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். ஹெட்போன். எல்லாக் கேள்விகளையும் அழித்தேன்.

அழித்த பிறகுதான் தெரிந்தது, கேள்விதான் போயிற்று, தாள் போகவில்லை. தலைப்புகள் அந்தந்த இடத்தில். மதிப்பெண்கள் ஓரத்தில், போட்டது போட்டபடி. புதுக் கேள்வியைத் தட்டத் தட்ட எல்லாம் அதது இடத்தில் போய் உட்காருகிறது. விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முழுத்தாளும் தயார். தாமுவைக் கூப்பிட்டு, "உன் புண்ணியத்துல தப்பிச்சேண்டா" என்றேன். குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தார் சேகர். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

மேகமூட்டம். ரயில் தாமதம்.

பென் டிரைவைக் கொடுத்தேன். எச்.எம். அச்செடுத்தார். பேசாமல் வந்திருக்கலாம், தாள் புதியதுதான். ஆனால் பழைய கேள்விகளைப் பையன் பரப்புவான், கதை எப்படியும் எச்.எம். காதுக்கு வரும். அதற்கு முன் என் வாயால் வரட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்பீக்கர், ஜன்னல், வசந்தா, பிரசாந்த்.

போச்சு, இதோடு சரி என்று நினைத்தேன்.

நாற்காலி கிறீச்சிட்டது. எச்.எம். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"போன வருஷம் பத்தாம் வகுப்பு திருப்புதல் பேப்பரை நான் ஜெராக்ஸ் கடை மெஷின்லயே வெச்சுட்டு வந்துட்டேன் கல்பனா. கடைக்காரர் ரோடு வரைக்கும் ஓடி வந்து குடுத்தார். இன்னிக்கு வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடல."

சிரிப்பு வந்தது இருவருக்கும். நான் சிரித்துக்கொண்டே கொஞ்சம் அழுதேன். தாளைப் புரட்டுகிற சத்தம். "மார்க்கெல்லாம் நேரா நிக்குதே" என்றார். அச்சுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அடுத்த முறை பற்றி வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

தேர்வு. அறை அறையாகப் போய்க் கதவோரம் நின்றேன். மார்க் எங்கே போட்டிருக்கிறது, பக்கம் விட்டுப்போச்சு என்று ஒரு பிள்ளை கேட்கவில்லை. தாள் புரளுகிற சத்தம்தான். அப்பாடா.

சாயங்காலம் வசந்தா ஜன்னல் வழியாக: "புள்ள மூஞ்சி தொங்கிப்போச்சு டீச்சர். உயிரக் குட்த்துப் படிச்சான், ஒண்ணுகூட வரலயாம். அந்த ரேடியோவ நம்பாதடானு சொல்லிட்டேன்."

"ஆமா வசந்தா, நம்பாதீங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

காலையில் பனி. தொண்டை கட்டியிருக்கிறது. மிளகு வாங்க வேண்டும்.

மாடிப்படி அருகே எச்.எம். நிறுத்தினார். "ஆண்டுத் தேர்வுக்கு எட்டாவது, ஒன்பதாவது, ரெண்டு பேப்பரும் நீங்கதான்."

நான் வாயைத் திறப்பதற்குள் நாலு படி ஏறிவிட்டார். மேலேயிருந்து குரல்:

"ஹெட்போன் போட்டுக்கோங்க."