விழாத மாதம்

மார்ச் 3, செவ்வாய்

கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. பிப்ரவரி முழுக்க இந்த முதியோர் இல்லத்தில் ஒருவர்கூடக் கீழே விழவில்லையாம், அதற்கு. தரத்தை அளந்தால்தான் உயர்த்த முடியும் என்று முதலாளி லயனல் பேசினார். சுவரில் 'விழாத மாதம்' என்று எழுதி மார்ச்சுக்கும் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டியாயிற்று. யாராவது விழுந்தால் பிய்த்துவிடுவார். அடுத்த மாதம்தான் மறுபடி.

எப்படி விழுவோம்? ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு பலகையைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், பிள்ளைக்குச் சோறு ஊட்டும் நாற்காலி மாதிரி. செத்தவனும்தான் விழுவதில்லை. அவனுக்கு எத்தனை நட்சத்திரம்?

கேக் இரண்டு துண்டு தின்றேன். மானம் வேறு, கேக் வேறு.

மார்ச் 5

மகள் பெட்ரீசியா வந்தாள். தங்கை மகன் கல்யாணத்தில் ஜோகெட் டான்ஸ் ஆடி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்ட ஆள் ஈப்போவிலேயே நான் ஒருத்தன்தான். ஆபரேஷன் முடிந்து, நடை பழகத்தான் இங்கே வந்தேன். அவள் பகலெல்லாம் வேலைக்குப் போகிறவள். சிலிபினில் இருக்கும் எங்கள் வீட்டில் என்னைத் தூக்கிவிட ஆளில்லை.

"டேடி, நீங்களா டாய்லெட் போய்ட்டு வந்தா போதும். அன்னிக்கே கூட்டிட்டுப் போயிருவேன்."

நடை பழக வந்தவனுக்குப் பேம்பர்ஸ் கட்டி உட்கார வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. நல்லாருக்கேன்மா என்றேன். பெரிய வீரன்.

மார்ச் 8, ஞாயிறு

பக்கத்துக் கட்டில் சன்னாசி அண்ணன், சித்தியவான் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். போன தீபாவளிக்குப் பிறகு கைத்தடியோடு நடந்தே வாசல் ஏறினாராம். இப்போது கால் இரண்டும் முருங்கைக்காய்.

"விழல தம்பி. ஆனா எந்திரிக்கவும் முடியல."

மார்ச் 9

பலகையை எடுக்கச் சொல்லி எங்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ், மிஸ்ஸி விமலாவிடம் கெஞ்சினேன். நட்சத்திரம் போனால் முதலாளி தன்னைத்தான் காய்ச்சுவார் என்றாள். அவளைத் திட்டவும் மனசில்லை.

மார்ச் 12

விழுந்தேன்.

லயனல் ஒரு குடும்பத்துக்கு இடத்தைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அவசரம். கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன், யாரும் வரவில்லை. தொப்பையை எக்கிப் பலகைக்கு அடியில் சறுக்கி வெளியே வந்து எழுந்தேன். இரண்டு எட்டு. கால் மடங்கி, அந்தக் குடும்பத்து அம்மாள் கீழே வைத்திருந்த ஆரஞ்சுப் பைமேல் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றுமில்லை, ஆரஞ்சுகள்தான் பாவம்.

இல்லத்து ஆட்கள் மட்டும் பார்த்திருந்தால் 'தரையில் உட்கார்ந்தார்' என்று முடித்திருப்பார்கள். வெளியாட்கள் பார்த்துவிட்டார்களே! லயனல் தன் கையாலேயே நட்சத்திரத்தைச் சுரண்டினார். பாதிதான் வந்தது.

மார்ச் 13

காலையில் விமலா பலகையைக் கழற்றினாள். எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்.

"இந்த மாசம்தான் கெட்டுப் போச்சே. இனி ஒருத்தரு விழுந்தாலும் ஒண்ணுதான், பத்துப் பேரு விழுந்தாலும் ஒண்ணுதான்லா. நடங்க அண்ணே, நான் புடிச்சுக்கிறேன்."

லயனலின் அளவுகோல் செய்யாததை என் பின்பக்கம் செய்துவிட்டது. ஆனால் ஒண்ணாந்தேதி புது நட்சத்திரம், மறுபடி பூட்டு. அதற்குள் நடந்தாக வேண்டும்.

மார்ச் 19

நடைபாதையில் நெரிசல். சன்னாசி அண்ணன் சுவரைப் பிடித்து நின்றார், அப்புறம் நடந்தார். யாரும் விழவில்லை. இதை எண்ண லயனலிடம் ஸ்டிக்கர் இல்லை.

மார்ச் 24

வலி. கதவு வரைக்கும் போக முடியல — இந்த வயசுல ஒனக்கு என்னடா நடை? கெடந்து தொலைய வேண்டியதுதானே? ஆடும்போது தெரிஞ்சுதா?

மார்ச் 29, ஞாயிறு

பெட்ரீசியா கோயிலில் பூசை முடிந்து நேரே வந்தாள். அவள் பார்க்க டாய்லெட்டுக்குப் போனேன், கதவைத் தாழ் போட்டேன், வந்தேன். அவள் என் துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள்.

சன்னாசி அண்ணனிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவர் கேட்டார்: "ஒண்ணாந்தேதி என்னா கெழம தம்பி?"

புதன் என்றேன்.

ஏப்ரல் 1, புதன்

வீடு. மத்தியானம் விமலா போன் செய்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. காலையில் பலகையைப் பூட்டப் போனபோது சன்னாசி அண்ணன் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கித் தரையில் உட்கார்ந்துகொண்டாராம். தூக்கப் போனவர்களைத் தொடவிடவில்லையாம்.

"வெளியாளு யாராச்சும் பாக்கட்டும், அப்பறம் எந்திரிக்கிறேன்னுட்டாரு அண்ணே."

பத்து மணிக்குச் சமையலறைக்கு கேஸ் சிலிண்டர் தோம்பு கொண்டு வந்தவன் பார்த்தானாம்.

இப்போது இல்லத்துத் தோட்டத்தில் நடந்துகொண்டிருக்கிறாராம்.