சுவரில் மூன்றாவது துளை

பிப்ரவரி 9, திங்கள்

ஒலிப்புத்தகக் கம்பெனியிலிருந்து பதில் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் நிறுத்தாமல் வாசித்துப் பதிவு செய்து, இருபதாம் தேதி மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டுமாம். வெட்டி ஒட்டக் கூடாது. ஃபேக்டரியில் என் காண்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது. இது கிடைத்தால் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதில்லை. மாதா கோயிலில் பைபிள் வாசகம் வாசித்தால் குரல் நன்றாயிருக்கிறது என்கிறார்கள். கோயிலுக்கு வெளியேயும் செல்லுமா, பார்ப்போம்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கோயிலில் கிடார் வாசிக்கும் ஜெபகுமார் அண்ணன் மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேசும் இரவல் கொடுத்தார். இன்டர்ஃபேஸ் என்பது மைக்குக்கும் டேப்லெட்டுக்கும் நடுவில் உட்காரும் இரும்புப் பெட்டி. என் டேப்லெட்டில் இருப்பதோ ஒரே ஓட்டை. பெட்டியைச் செருகினால் சார்ஜருக்கு இடமில்லை. அந்தப் பெட்டியும் டேப்லெட்டின் சார்ஜையே குடிக்கிறது. வாசித்துப் பார்த்தேன், முப்பத்தெட்டாவது நிமிடம் திரை அணைந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

ஒரே ஓட்டையைப் பலவாக்கும் ஹப் ஒன்று வாங்கினேன். அதில் ஒரு பக்கம் பெட்டி, மறுபக்கம் சார்ஜர். இரண்டும் வேலை செய்தன. ஐந்து நிமிடம் மகாராணி போல உட்கார்ந்திருந்தேன். பிறகு ஹெட்போனில் கேட்டால் — என் குரலுக்குப் பின்னால் ம்ம்ம்ம் என்று ஓர் இரைச்சல்.

பிப்ரவரி 13, வெள்ளி

வார விடுமுறை. ஃபேக்டரி லைனில் பழுது வந்தால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவோம். அதையே செய்தேன். மைக் ஒயரை மாற்றினேன், இரைச்சல் போகவில்லை. ஃபேனை நிறுத்தினேன், போகவில்லை. சார்ஜரைப் பிடுங்கினேன், போய்விட்டது. அறைத்தோழி மஞ்சுளாவின் லேப்டாப் சார்ஜரைப் போட்டேன், மூன்று முள் வைத்தது. அதிலும் அதே ம்ம்ம்ம். இரண்டு சார்ஜருமா கெட்டிருக்கும்?

பிப்ரவரி 15, ஞாயிறு

பெட்டியை நகர்த்தக் கை வைத்தேன். இரைச்சல் நின்றது! கையை எடுத்தேன், வந்தது. மஞ்சுளாவைத் தொடச் சொன்னேன், நின்றது.

"அப்ப ஒரு மணி நேரம் நான் புடிச்சிகினு உக்காரட்டா?" என்றாள்.

பத்து நிமிடத்தில் விரலில் சுருக்கென்கிறது என்று எழுந்துவிட்டாள்.

பிப்ரவரி 16, திங்கள்

ஷிப்ட் தொடக்கத்தில், உடம்பு மின்சாரம் சர்க்யூட் போர்டைக் கெடுக்காமல் காக்கும் பட்டையை மணிக்கட்டில் மாட்டி, சோதனைத் தகட்டில் விரலை வைத்துப் பச்சை விளக்குக்காக நின்றேன். சட்டென்று உறைத்தது. இந்தப் பட்டையின் ஒயர் எங்கே போகிறது? எர்த்துக்கு. நேற்று அந்தப் பெட்டிக்கு எர்த் எங்கள் கைதான். அப்படியானால் சுவரில்?

ஒன்பதாம் அறை சிவசங்கர் ஃபேக்டரி மெயின்டெனன்ஸில் இருக்கிறார். அவரை அழைத்துச் சுவரிலிருந்த ப்ளக் பாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை. வேறு நான்கு அறைகளிலும் அதே கதை.

ஆறு வருடமாகத் தினம் இரண்டு முறை எர்த் பார்க்கிறேன். அதனால்தான் சுவரைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை. இந்தப் பன்னிரண்டு அறைகளிலும் கரண்ட் அடுப்பு 'கடிக்கும்' என்று எல்லாரும் செருப்புப் போட்டுத்தான் சமைக்கிறோம். ஏன் கடிக்கிறது என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும்தான். வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 17, செவ்வாய்

வீட்டுக்காரர் பலராமனிடம் சொன்னேன். "பத்து வருசமா ஓடிகினு கீது, எவனும் ஒண்ணும் சொல்லலியே ஜெனிசு" என்றார். சொல்லவில்லை அண்ணா, செருப்புப் போட்டுக்கொண்டோம் என்றேன். வாசலில் வரிசையாகக் கிடந்த சமையல் செருப்புகளைப் பார்த்தார். 

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

பலராமனுக்கு எர்த் போட ஆள் கிடைத்துவிட்டானாம். வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மாலை வரை கரண்ட் கிடையாது.

வெள்ளியா? எனக்கு இருக்கிற ஒரே விடுமுறை நாள். கடைசித் தேதி. தள்ளிப்போடச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. மஞ்சுளா செருப்புக் காலோடு அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். சொல்லவில்லை. ஐயோ, இன்னா பண்ணப் போறேன்?

பிப்ரவரி 19, வியாழன்

மஞ்சுளாவின் பழைய பவர் பேங்கை ஹப்பில் செருகினேன். இரைச்சல் இல்லை! சுவரோடு அதற்குச் சம்பந்தமே இல்லையே, மண்டு. ஆனால் ஒரு மணி நேரம் தாங்குமா?

பிப்ரவரி 20, வெள்ளி

பத்து மணிக்குக் கரண்ட் போனது. ஃபேன் இல்லை, மிக்ஸி இல்லை, மோட்டார் இல்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே கடப்பாரை. எர்த்துக்குக் குழி தோண்டுகிறார்கள். பலராமனிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஆளுங்கள சோத்துக்கு இட்டுகினு போறேன். ஒரு மணி நேரம் ஆவும். நீ படி" என்றார்.

இந்த அறை வரிசை இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. அறுபத்தோரு நிமிடம் வாசித்தேன். வியர்வையில் நனைந்துவிட்டேன். பவர் பேங்கில் கடைசிப் புள்ளி விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. அனுப்பிவிட்டேன்.

மார்ச் 31, செவ்வாய்

கடைசி ஷிப்ட். மணிக்கட்டுப் பட்டையைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கை லேசாக இருக்கிறது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

அறைக்கு வந்தால் மஞ்சுளா வெறுங்காலோடு சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாள். குழம்பு இறங்கும்வரை காத்திருந்து, மூன்று முள் சார்ஜரைச் சுவரில் செருகி ஹெட்போனை மாட்டினேன். ம்ம்ம்ம் இல்லை. கம்பெனி எனக்கென்று அனுப்பிய முதல் புத்தகத்தில் இருபத்திரண்டு அத்தியாயம். முதல் அத்தியாயத்தை வாசித்தேன்.