தேதி போடாத இரண்டு டிக்கெட்டுகள்

ஜனக்புரி
2 பிப்ரவரி 2025

அன்புள்ள பூங்கோதை,

அந்த இரண்டு டிக்கெட்டுகளையும் முப்பத்திரண்டு வருடமாக எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டிருந்தாய். தெரியவில்லை. இரண்டு நாள் யோசித்தேன்.

அப்பாவின் பீரோவை ஒழித்தபோது கிடைத்தது என்று போன வாரம் எழுதியதும் முழு உண்மை இல்லை. அவை எங்கே இருக்கின்றன என்று எனக்கு எப்போதும் தெரியும். அப்பா ஓய்வு பெற்றபோது வீட்டிலிருந்த எல்லாக் காகிதங்களையும் லேமினேட் செய்தார். ரேஷன் கார்டு, என் மதிப்பெண் பட்டியல், பாட்டரி வாங்கிய ரசீது. அந்த ஜோரில் டிக்கெட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிவிட்டார். எழுத்து மங்கவில்லை. சந்திரலோக் உல்லாசப் பூங்கா, ஒருவர், எல்லா ராட்டினங்களும். பின்பக்கம் 'எந்த நாளிலும் செல்லும்' என்று இருக்கிறது. கெடுத் தேதி கிடையாது. பள்ளி ஆண்டு விழாவில் நான் எழுதிக் கொடுத்து நீ பேசிய பேச்சுக்குக் கொடுத்தார்கள், நினைவிருக்கும். தலைப்பு பெண் கல்வி.

தொண்டை எப்படி இருக்கிறது? டாக்டர் பேசாதே என்றால் பேசாதே. இஸ்திரித் துணிக்குள் கடிதம் வைப்பது நல்ல யோசனைதான், ஆனால் உன் வீட்டுக்காரர் ரவிக்குமாரிடம் சொல், போன தடவை உன் கடிதத்தோடு சேர்த்தே இஸ்திரி போட்டுவிட்டார். மை என் ரவிக்கையில் இறங்கிவிட்டது.

அன்புடன்,
மாதுரி


5 பிப்ரவரி

அன்புள்ள மாதுரிக்கு,

பூங்கோதை எழுதுவது. ரவிக்கைக்கு எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போடு, போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டிருப்பதில் என் வீட்டுக்காரருக்குப் பரம சந்தோஷம். "இருபத்தஞ்சு வருஷத்துல இந்த மூணு மாசந்தான் ரேடியோ கேட்டேன்" என்கிறார். சிரிக்கவும் கூடாதாம், அதனால் தட்டைத் தூக்கி எறிந்தேன்.

ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். 27 வியாழக்கிழமை. பர்ச்சிச் சீட்டில் எழுதி முத்திரை குத்தியிருக்கிறது. குரல்வளையை மொத்தமாக எடுத்துவிடுவார்களாம். அப்புறம் கழுத்தில் ஒரு ஓட்டை, மூச்சு அது வழியாக. பேச்சு கிடையாது. டாக்டரம்மா சின்னப் பெண். அவளுக்கே கண் கலங்கிவிட்டது, நான்தான் தட்டிக் கொடுத்தேன்.

இப்போது கேள். டிக்கெட் செல்லும் என்றால் நாம் போகலாம். ஒன்று என்னுடையதுதானே? 23 ஞாயிறு. அங்கே ஒரு ராட்டினம் உச்சிக்குக் கொண்டுபோய்த் தலைகீழாக விடுகிறதாம். எங்கள் காலனி சுஜாதா போய்க் கத்திவிட்டு மூன்று நாள் தொண்டை கட்டிக் கிடந்தாள். எனக்கு அதுதான் வேண்டும். குரல் இருக்கும்போதே ஒரு தரம் வாய்விட்டுக் கத்த வேண்டும். வீட்டில் கத்தினால் பக்கத்துச் சுவர்க்காரி ஓடிவருவாள். ஆஸ்பத்திரியில் கத்தினால் நர்ஸ் திட்டுவாள். அங்கே மட்டும்தான் ஏன் கத்துகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

தொண்டைக்கு ஆகாது என்று சொல்லாதே. எடுத்து எறியப்போகிற சாமானைப் பொத்தி வைத்து என்ன பண்ண?

உன்
பூங்கோதை


ஜனக்புரி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள பூங்கோதை,

தேதி கிடைத்தது நல்லது. அரசாங்க ஆஸ்பத்திரியில் தேதி கிடைப்பதே பெரிய காரியம்.

டிக்கெட் விஷயம். பூங்காவுக்கு போன் செய்தேன். எடுத்தவர் விவரம் தெரியாதவர். "லே ஆயியே, தேக்தே ஹை" என்றார். கொண்டுவந்தால் பார்க்கலாமாம். அதை நம்பி உன்னை அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போக எனக்குத் தைரியமில்லை. உள்ளே விட வேண்டுமென்றால் அடிக்கட்டையைக் கிழிக்க வேண்டும். லேமினேட் செய்ததை எப்படிக் கிழிப்பார்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என்னோடு வரலாற்றுத் துறையில் இருக்கும் அபூர்வா, தில்லிக்காரர்கள் விடுமுறையை எப்படிக் கழித்தார்கள் என்று கல்லூரியில் ஒரு கண்காட்சி வைக்கிறாள். 20-ஆம் தேதி திறப்பு, மூன்று வாரம். டிக்கெட்டுகளைக் காட்டினேன். இந்த மாதிரிப் பழைய டிக்கெட்டுகளைச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்களாம். கிழிபடாமல் ஜோடியாக இருப்பதால்தான் இதற்கு மதிப்பு என்றாள். அவளிடம் கொடுத்திருக்கிறேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

புது டிக்கெட் நான் வாங்குகிறேன். ஆனால் இந்தக் குளிரில், அந்தக் கூட்டத்தில், ஆபரேஷனுக்கு நாலு நாள் முன்னால் போய் ஜுரம் வந்தால் தேதி தள்ளிப்போகும். உடம்பு தேறட்டும். ஏப்ரலில் போகலாமே.

மாதுரி


12 பிப்ரவரி

மாதுரி,

ஏப்ரலில் நான் எதை வைத்துக் கத்துவது?

அன்றைக்கும் இதைத்தான் சொன்னாய். பரீட்சை முடியட்டும். பரீட்சை உனக்கு. எனக்கு அதற்குள் படிப்பே முடிந்துவிட்டது. அப்பா சாரத்திலிருந்து விழுந்தார், நான் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போனேன். உன் பரீட்சை முடிந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மே மாதம், கோல் மார்க்கெட்டில் உங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தேன். சுஜாதாவின் அம்மாவிடம் சிவப்புத் தாவணி இரவல் வாங்கிக் கட்டியிருந்தேன். உங்கம்மா கதவைத் திறந்து, "மாது அவ மாமா ஆத்துக்குப் போயிருக்காளேம்மா, சாயங்காலந்தான் வருவா" என்றார்கள். வாசலில் உன் நீலச் செருப்பு கிடந்தது. ஒன்றில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தாய். உன்னிடம் வேறு செருப்பு கிடையாதென்று எனக்குத் தெரியும்.

சரி என்று வந்துவிட்டேன். குத்திக்காட்ட எழுதவில்லை. இத்தனை வருடம் கேட்காதவள், மூன்று வருடம் முன்னால் உன் வீட்டு வேப்ப மரத்தடியில் எங்கள் இஸ்திரி மேஜை வந்து நாம் மறுபடி பார்த்துக்கொண்ட அன்றைக்குக்கூடக் கேட்காதவள், இப்போதா சண்டை போடப்போகிறேன்?

புது டிக்கெட் வேண்டாம். எங்கள் வீட்டில் யாரும் எதையும் ஜெயித்ததில்லை மாதுரி. அது ஒன்றுதான். மேடையில் நின்று நான் பேசி ஜெயித்தது. கத்தரிக்கோலால் நடுவில் வெட்டி என்னுடையதை மட்டும் துணிக்குள் வைத்து அனுப்பு. நீ வராவிட்டால் இவரோடு போய்க்கொள்கிறேன். இவர் கத்த மாட்டார், கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சீக்கிரம் அனுப்பு.

பூங்கோதை


ஜனக்புரி
19 பிப்ரவரி 2025

அன்புள்ள பூங்கோதை,

ஒரு வாரம் பதில் எழுதவில்லை. விடைத்தாள் திருத்தினேன் என்று எழுத நினைத்தேன். திருத்தினேன்தான், ஆனால் அது காரணமில்லை.

நான் அன்று சமையலறையில் இருந்தேன். அம்மா சொன்னது பொய். சொல்லச் சொன்னது நான். நீ அப்போது விசாலாக்ஷி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாய். நம் வகுப்பு விசாலாக்ஷி. நாம் இருவரும் சேர்ந்து பஸ்ஸில் போவதை அவள் பார்த்தால் வகுப்பில் என்ன சொல்வாள் என்று பயந்தேன். பதினாறு வயது என்று சொல்லித் தப்பிக்கலாம். இந்த மாதம் எனக்கு நாற்பத்தெட்டு. இந்த முறையும் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்.

இன்று மதியம் அபூர்வாவிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். நாளைக்குத் திறப்பு விழா, கண்ணாடிப் பெட்டியில் வைத்தாயிற்று என்றாள். ஒன்றாவது இருக்கட்டுமே என்றாள். வாங்கிக்கொண்டு வந்தேன். நடுவில் வெட்டினேன். கொஞ்சம் கோணலாகிவிட்டது, என் பக்கம்தான் குறைந்திருக்கிறது. உன்னுடையது இதோடு, சாம்பல் நிறப் புடவையின் முந்தானையில் ஊக்கு குத்தியிருக்கிறேன். இருட்டிவிட்டது, ஆனாலும் இப்போதே மூட்டையைக் கீழே வைத்துவிடுகிறேன்.

23 ஞாயிறு காலை பத்து மணிக்கு மெட்ரோ வாசலில் நிற்பேன். நீ வரும்போது நான் அங்கே இருப்பேன்.

மாதுரி


ஜனக்புரி
23 பிப்ரவரி 2025, ஞாயிறு

பூங்கோதை,

பத்து மணி முதல் ஒன்றரை வரை நின்றேன். உன் போனை யாரும் எடுக்கவில்லை. இவ்வளவு நாள் யோசிக்கவே இல்லை, உன் வீட்டு முகவரி என்னிடம் கிடையாது.

திரும்பி வந்து மரத்தடிக்குப் போனேன். மேஜைமேல் தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டியிருக்கிறது. வியாழக்கிழமை முதல் கடை இல்லை என்று வாட்ச்மேன் சொன்னார். மூன்று நாளாக நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் என் மூட்டை இருக்கிறது. நான் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது.

இந்தக் கடிதத்தையும் அதற்குள் செருகுகிறேன். என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுது.

மாதுரி


28 பிப்ரவரி
பொது வார்டு, மூன்றாம் மாடி

மதிப்பிற்குரிய மாதுரி மேடத்துக்கு,

பூங்கோதை எழுதிக்கொள்வது. 20-ஆம் தேதி காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. எனக்கு முன்னால் பெயர் கொடுத்திருந்த அம்மா இறந்துவிட்டார்களாம். 27-ஆம் தேதி ஆபரேஷன்கள் எல்லாம் தள்ளிப்போய்விட்டதாம், இப்போதே வந்தால் நாளைக்குச் செய்வோம், இல்லையென்றால் மே மாதம் என்றார்கள். மே வரை தாங்காது என்று டாக்டரம்மா சொன்னாள். போய்விட்டோம். 21-ஆம் தேதி எடுத்துவிட்டார்கள்.

இவர் நேற்றுதான் மேஜையைத் திறந்தார். பகலில் நாத்தனார் ஆராயி என்னோடு இருக்கிறாள். உங்கள் இரண்டு கடிதமும் வந்தது. டிக்கெட்டும் வந்தது.

நீங்கள்தான் சொல்லச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அன்றைக்கே தெரியும். உங்கம்மா பேசும்போது ஒரு தரம் உள்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் கேட்டது 12-ஆம் தேதி. நடுவில் 16 ஞாயிறு ஒன்று இருந்தது. குற்றம் சொல்லவில்லை. படுத்திருப்பவளுக்கு நாள் எண்ணுவதைத் தவிர வேறு வேலையில்லை.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது கத்தலாமா என்று நினைத்தேன். வரிசையில் பத்துப் பேர் படுத்திருந்தார்கள். எல்லோரும் பயந்துவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். உங்களுடையதோடு சேர்த்துக் கண்ணாடிக்குள் வையுங்கள். ஜோடியாக இருந்தால்தான் மதிப்பு என்று எழுதியிருந்தீர்கள்.

இனிமேல் துணி மட்டும் அனுப்புங்கள். கடிதம் வேண்டாம். காகிதத்தைக் கவனிக்காமல் இஸ்திரிப் பெட்டி வைத்துவிட்டால் துணி கெட்டுப்போகிறது என்கிறார் இவர்.

இப்படிக்கு,
பூங்கோதை ரவிக்குமார்


ஜனக்புரி
1 மார்ச் 2025

அன்புள்ள பூங்கோதை,

இதைத் துணிக்குள் வைக்க மாட்டேன். வேறு எப்படி உன்னிடம் சேர்ப்பது என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

கண்ணாடிக்குள் வைக்கவில்லை. அபூர்வா இன்றும் கேட்டாள், இரண்டாக வெட்டினாலும் பரவாயில்லை, சேர்த்து வைத்தால் கோடு தெரியாது என்றாள். தெரியும் என்றேன்.

உன்னைப் பார்க்க வரட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. வந்தால் நீ எழுந்து உட்கார்ந்து, "வாங்க மேடம்" என்று எழுதிக் காட்டுவாய். நாளை சந்திரலோக் போகிறேன். உனக்காகக் கத்திவிட்டு வருகிறேன் என்று எழுதி அடித்திருக்கிறேன் பார். உனக்காக யாரும் கத்த முடியாது. டிக்கெட் உண்மையில் செல்லுமா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

2 மார்ச், ஞாயிறு மாலை

நடந்ததை எழுதுகிறேன்.

பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். கவுண்டரில் ஒரு பெண், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயது இருக்கும். என் டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்து, "ஆன்ட்டி, இது நான் பிறக்கறதுக்கு முன்னாடி உள்ளது" என்று இந்தியில் சொல்லிச் சிரித்தாள். கத்தரிக்கோலை எடுத்துப் பிளாஸ்டிக்கோடு அடிக்கட்டையை வெட்டி டப்பாவில் போட்டாள். ஒரு நிமிடம் ஆகவில்லை. என் கையில் இன்னொன்று இருந்ததைப் பார்த்து, அவங்க வரலையா என்றாள். வரவில்லை என்றேன். "கோயி பாத் நஹீ, பரவால்ல. தேதிதான் இல்லையே, எப்ப வேணா வரச் சொல்லுங்க" என்றாள்.

அந்தத் தலைகீழ் ராட்டினத்துக்கு முக்கால் மணி நேர வரிசை. என் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. அதற்கும் சேர்த்துக் கம்பியைப் பூட்டினார்கள். உச்சிக்குப் போய் ஒரு கணம் நின்றது. பிறகு விட்டது. முன்னாலும் பின்னாலும் எல்லோரும் கத்தினார்கள். நீ சொன்னது சரி, யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை. நானும் வாயைத் திறந்தேன். இறங்கும்வரை திறந்தேதான் இருந்தது. சத்தம் வரவில்லை.

நான்கரைக்கு வீட்டுக்கு வந்தேன். ரவிக்குமார் மேஜையில் இருந்தார். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"நல்லாருக்குங்க மேடம். ஸ்லேட்டு வாங்கிக் குடுத்திருக்கேன், எழுதிக் காட்டுது." இதுவரை அவர் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

"எனக்கு ஏதாவது எழுதினாளா?"

அவர் பெட்டியில் கரியைக் கிளறிவிட்டார். "உங்க துணிய மேல வீட்டுக் கதவுல மாட்டிட்டேங்க" என்றார்.

மூட்டை கதவுப் பிடியில் தொங்கியது. ஆறு உருப்படி. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சாம்பல் நிறப் புடவை கடைசியில் இருந்தது. கட்டில்மேல் ஏறி நின்று முழு நீளத்துக்கும் உதறினேன். ஒன்றும் விழவில்லை.