மீன்தொட்டிக் குழாய்

செவ்வாய், மே 6

நம்மூர்ப் பையன் மக்கி இன்று தன் ஆயிரத்து முந்நூறு சிசி பைக்கைக் கொண்டுவந்து விட்டான். டர்போ மாட்ட வேண்டுமாம். சாமான்கள் பெட்டியில் வந்து இறங்கிவிட்டன. டர்போ பெரிய சங்கதியில்லை. புகை வெளியேறும் வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிறது, அவ்வளவுதான். திணித்த காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலும் கூட வேண்டும். கூடாவிட்டால் சூடேறி பிஸ்டன் உருகிவிடும். எல்லாத் தொல்லையும் அங்கேதான்.

"பெட்ரோலை எப்படிக் கூட்டப் போறீங்க, அபு ஜாபர்?" என்று கேட்டான்.

மூன்று வழி சொன்னேன். காற்று அழுத்தம் ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றுகிற ரெகுலேட்டர் ஒன்று. பைக்கின் கம்ப்யூட்டரை ஏமாற்றி அதிகமாக ஊற்ற வைக்கிற சின்னப் பெட்டி இன்னொன்று. இல்லையென்றால் கம்ப்யூட்டரையே புதிதாக வைத்து, இன்ஜெக்டரைப் பெரிதாக்கி, லேப்டாப்பில் கணக்குப் போட வேண்டும்.

"கம்ப்யூட்டரே போட்டுடலாமே? அதானே நல்லது?"

"இந்த வெயில்ல கம்ப்யூட்டரு நாலு மாசம் தாங்காதுடா. ரெகுலேட்டர் போடு."

பொய். அந்தத் திரையில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ், எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. நாலாவதோடு என் அப்பா என்னைப் பள்ளியிலிருந்து இழுத்துப்போய்ப் படகில் ஏற்றிவிட்டார். மீன் உன்னிடம் சான்றிதழா கேட்கப்போகிறது என்பார். கடலில் போட்ட மீன் கூண்டைத் தூக்கிப் பார்த்தால் பாதி நாள் நண்டுதான் இருக்கும், அது வேறு கதை. ஐம்பத்தொரு வயசில், இந்தக் கர்ஸக்கான் ஊர் முழுக்க 'மெக்கானிக் என்றால் அபு ஜாபர்தான்' என்கிறபோது, எப்படிச் சொல்வது?

வியாழன், மே 15

ரெகுலேட்டர் மாட்டியாயிற்று, பம்பும் பெரியது. காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று ரெகுலேட்டருக்குத் தெரிவிக்க ஒரு சின்னக் குழாய் வேண்டும். நல்ல குழாயும் கிளிப்பும் தீர்ந்துவிட்டன. சாமான் கடை மத்தியானம் மூடியிருந்தது. பழைய மீன்தொட்டியில் காற்று விடுகிற குழாயில் ஒரு துண்டு வெட்டிப் போட்டேன். அந்தத் தொட்டியில் ஆறு சிவப்பு மீன் இருந்தது. என் மனைவி தினமும் பலாலீத் ஊட்டி ஊட்டியே கொன்றுவிட்டாள். மீனுக்கு யாராவது சேமியாவும் முட்டையும் போடுவார்களா?

சனிக்கிழமை நல்ல குழாய் வாங்கி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். சாயங்காலமே மக்கி வண்டியை எடுத்துப் போய்விட்டான். நானும் சொல்லவில்லை.

வெள்ளி, மே 16

காலையில் தெற்கே ஆளில்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். மக்கியின் மச்சான், அவன் மனைவி ஸகீனாவின் அண்ணன் ஸுஹைரும் வந்திருந்தான். நேற்று பெட்ரோல் நிரப்பியது அவன்தான். ஏழு மணிக்கே முப்பத்தைந்து டிகிரி.

முதல் ஓட்டம் நன்றாக இருந்தது. இரண்டாவதில் டப்பென்று ஒரு சத்தம், பின்னாலேயே வெள்ளைப் புகை. மக்கி சட்டென்று கிளட்சைப் பிடித்ததால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளவில்லை. பிடிக்காமல் இருந்திருந்தால் — எழுத வேண்டாம்.

நான்தான் முதலில் ஓடிப் போனேன். குழாய் சூட்டில் இளகிக் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. ரெகுலேட்டர் பெட்ரோலைக் கூட்டாமல் விட்டது அதனால்தான். மக்கி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் அதைத் திரும்பச் செருகிவிட்டேன்.

என் விரல் செருகிற்று. யோசிக்கவேயில்லையா நான்? யோசித்தேன். யோசித்துத்தான் செருகினேன்.

சனி, மே 17

பிஸ்டனில் கட்டைவிரல் அளவு ஓட்டை. ஏன் என்று மக்கி கேட்டான். "மட்டமான பெட்ரோலு போட்டாலும் இப்படி ஆகும்" என்றேன். யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவில்லை.

"உசந்த ஸூப்பர் பெட்ரோலுதான் போட்டேன், வல்லாஹி, சத்தியமா!" என்றான் ஸுஹைர்.

"நீயா? தேயிலையையே மூணு தடவ காய்ச்சிக் குடிக்கிறவன் நீ. ஸூப்பர் போடுவியாக்கும்!" என்றான் மக்கி.

"தேயிலை என்னோடது. வண்டி உங்களோடதாச்சே மச்சான்."

"என் உசுரும் என்னோடதுதான்டா. அதுலயா மிச்சம் புடிச்ச?"

ஸுஹைர் என்னைப் பார்த்தான். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளி, மே 23

மத்தியானம் முஹம்மர் சோறும் பொரித்த ஸாஃபி மீனும். வெல்லச்சோற்றுக்கு ஸாஃபிதான் ஜோடி. இன்று இறங்கவில்லை. "வெள்ளிக்கிழமை மாமியார் வீட்டுச் சாப்பாட்டுக்கு மக்கி போகலையாம். ஸகீனா தனியாத்தான் போனாளாம். அழுது அழுது கண்ணு வீங்கிக் கெடக்கு" என்றாள் மனைவி. புருஷனா, அண்ணனா என்று அவளைப் பிய்க்கிறார்களாம்.

"பாவம்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

புதன், மே 28

ஸுஹைர் வீட்டுக்கு வந்தான். காப்பி ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் குவளையைத் தரையில் வைத்தான்.

ஒரு காரியமாக வந்தவன்தான் அப்படி வைப்பான். சரியென்று நாம் வாக்குக் கொடுத்த பிறகுதான் குடிப்பான்.

"நீங்க சொன்னா மச்சான் கேப்பாரு, அபு ஜாபர். எங்களை உக்கார வெச்சுப் பேசி விடுங்க. மட்டமானதப் போட்டது நான்தான்னே வெச்சுக்குங்க. மன்னிப்புக் கேட்டுடறேன். தங்கச்சி தாங்க மாட்டா."

செய்யாத தப்புக்கு. என்கிட்ட. என் வீட்டுல உக்காந்து.

"குடிடா" என்றேன். "நான் பேசுறேன்."

குடித்தான். காப்பி ஆறிப்போயிருந்தது.

வியாழன், மே 29

மக்கி வீட்டில் இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். ஸுஹைர் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தான். "நீ பேசாத" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், செருகியது, பெட்ரோல். அதோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். கம்ப்யூட்டர் திரையைப் படிக்கத் தெரியாது என்பதையும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லும்போதுதான் குரல் போய்விட்டது. மற்றதற்கெல்லாம் போகாத குரல்.

மக்கி கம்பளத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"படிக்கத் தெரியாதுன்னு சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன், அபு ஜாபர். அவ்ளோதானே நடந்திருக்கும்?"

ஸுஹைர் எழுந்து போய் என் செருப்பைத் திருப்பி வாசலைப் பார்க்க வைத்தான். மரியாதையா, போ என்பதா, தெரியவில்லை.

ஞாயிறு, ஜூன் 1

இன்ஜினை என் செலவில் கட்டித் தருகிறேன் என்று ஆள் விட்டேன். வண்டி ஸல்மாபாதில் வேறொரு பட்டறைக்குப் போய்விட்டதாம். புதுக் கம்ப்யூட்டர் போடுகிறார்களாம்.

வெள்ளி, ஜூன் 13

பட்டறை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். மக்கியின் கார் வந்தது. பக்கத்தில் ஸுஹைர், பின்னால் ஸகீனா, மடியில் மூடிபோட்ட பெரிய பாத்திரம். மாமியார் வீட்டுக்குத்தான். ஸுஹைர் எதையோ சொல்ல, மக்கி ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தான்.

இந்த ஊரில் தெரிந்தவனைக் கண்டால் இரண்டு முறை ஹார்ன் அடிக்காமல் யாரும் தாண்டுவதில்லை. நான் கையைத் தூக்கிவிட்டேன். கார் ஹார்ன் அடிக்காமலே போய்விட்டது.

தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டேன்.