கல்லில் விட்டிருந்த இடம்

புடாபெஸ்ட்,
அக்டோபர் 29

அன்புள்ள தம்பி பாலிந்துக்கு,

அக்கா இல்திகோ எழுதுவது. நீயும் கிம்மும் குழந்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அம்மாவைப் பற்றி ஒரே வரியில் எழுத முடியாது, வரிசையாகச் சொல்லி வருகிறேன்.

உன் மாமனாரும் மாமியாரும் இதற்குள் மெல்பர்ன் வந்து சேர்ந்திருப்பார்கள். ஊரைச் சுற்றிக் காட்டினாயா என்று கேட்டிருந்தாய். காட்டினேன். நீ கேட்டுக்கொண்டபடி, உனக்குத் தெரிந்த ஒரு கைடு என்று மட்டும் சொல்லிக்கொண்டேன். அக்கா என்று மூச்சு விடவில்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளை என்று அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறாயே, அதில் எனக்கு வருத்தமில்லை என்று போனில் சொன்னேன். அது பொய்.

உன்னிடம் சொல்லாமல் நானும் ஒரு காரியம் செய்தேன். அன்றைக்கு அம்மாவையும் வேனில் ஏற்றிக்கொண்டேன். சம்பந்திகளை ஒரு கண் பார்த்தால் போதும், வாயைத் திறக்க மாட்டேன், திறந்தாலும் எனக்கு இங்கிலீஷா தெரியும் என்று ஒரு வாரமாக என் பின்னாலேயே சுற்றினாள். நீ நேரில் வந்துதான் முறையாக அறிமுகம் செய்வாயாம், அதுவரை அவர்களுக்கு நாம் யாரென்று தெரிய வேண்டாமாம் என்று அவளுக்கு ஒரு கதை சொல்லி வைத்தேன். உன் விஷயத்தில் அவள் எதைத்தான் நம்பவில்லை. தலைமுடியைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எங்கள் கட்டடத்து அம்மா, இடம் இருந்தால் கூட்டி வருவேன் என்று உன் மாமியாரிடம் சொன்னேன்.

கோட்டை மலை, பாலம், பாராளுமன்றம் எல்லாம் வழக்கம்போல. ராஜாக்களின் பெயர்களை முன்பின் மாற்றிச் சொல்லியிருந்தாலும் உன் மாமனார் கிரஹாமுக்குத் தெரிந்திருக்காது, அவர் கண்ணெல்லாம் பீர்க் கடைகள் மேல்தான். உன் மாமியார் லோரெய்ன் நல்லவள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வாங்கிய கேக்கில் பாதியை அம்மாவுக்குக் கொடுத்தாள். போனில் உன் குழந்தையைக் காட்டினாள். திரை அணையும் வரைக்கும் அம்மா போனைத் திருப்பித் தரவில்லை. அணைந்ததும் விரலால் தட்டிப் பார்த்தாள்.

மதியம் சாப்பிடும்போது லோரெய்ன் என் பக்கம் குனிந்து, “எங்க மாப்பிள்ளையோட அம்மாவும் அப்பாவும் பூடா மலைமேல ஒரே கல்லறையில இருக்காங்களாம். பூ வைக்கணும், அவனுக்குச் சொல்லல, போட்டோ எடுத்துட்டுப் போய்க் காட்டுவோம். கூட்டிட்டுப் போறியாம்மா?” என்று கேட்டாள். கையிலிருந்த சூப்பு கவிழ்ந்து என் மடி நனைந்தது. அதோடு விட்டாளா. “அவன் அம்மா ரொம்ப நல்லவங்களாம். பியானோ டீச்சராம். மூணு வருஷம் முன்னாடி கிம் மாசமா இருந்தப்ப இங்க வந்து எங்களோட இருங்கன்னு கூப்பிடச் சொன்னோம், அதுக்குள்ள போய்ட்டாங்க. கடைசி வரைக்கும் பாலிந்த்தான் கையைப் பிடிச்சுட்டிருந்தானாம். அவங்க பேரைத்தான் பேத்திக்கு வச்சிருக்கோம்,” என்றாள்.

பியானோவாம். குளியல் மண்டபத்தில் ஊரார் துண்டைப் பிழிந்து பிழிந்து கோணிப்போன விரல்களோடு அம்மா அவள் எதிரிலேயே உட்கார்ந்து சூப்புக் குடித்துக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தாயாமே. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லை. என் வேலையை எடுத்து உன் கதையில் வைத்துக்கொண்டாய். மனைவி வீட்டார் அம்மாவை அனுப்பச் சொன்னார்கள், உனக்குக் கூச்சமாக இருந்தது, கொன்றுவிட்டாய். இதைவிட நாசூக்காக எழுத எனக்கு வரவில்லை.

என்ன பேசுகிறீர்கள் என்று அம்மா கேட்டாள். அப்பாவின் கல்லறைக்குப் பூ வைக்க வேண்டுமாம், பாலிந்த் சொல்லி அனுப்பியிருக்கிறான் என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “நான் சொல்லல? எம் பிள்ளை அப்பனை மறப்பானா? எழுந்திரு, நானே வழி காட்றேன்,” என்று கோட்டை மாட்டிக்கொண்டாள்.

டிராம் நிறுத்தத்துப் பூக்காரி யாருக்குப் பூ என்று கேட்டாள். கல்லறைக்கு என்றதும் வெள்ளைச் சாமந்தியாகப் பார்த்து, இறந்தவர்களுக்கு இரட்டைப்படையில்தான் வைப்பது என்று எட்டுப் பூ கட்டிக் கொடுத்தாள். வேன் மலை ஏறும்போதுதான் அந்தக் கல் என் நினைவுக்கு வந்தது. அப்பாவின் பெயருக்குக் கீழே அம்மாவின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் அவர் இறந்தபோதே வெட்டி வைத்துவிட்டோம், எல்லாரும் செய்வதுதான். இறந்த வருஷத்துக்கு இடம் விட்டிருக்கிறது. தலை சுற்றுகிறது, திரும்பிவிடலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை, உன் அப்பா காத்துக்கொண்டிருப்பார் என்றாள்.

கல்லின் மேல் கிடந்த சருகுகளை அம்மா தள்ளிவிட்டு, கைக்குட்டையால் அப்பாவின் பெயரைத் துடைத்தாள், பிறகு தன் பெயரையும் துடைத்தாள். லோரெய்ன் மண்டியிட்டு எட்டுப் பூவையும் அம்மாவின் பெயருக்குக் கீழே வைத்தாள். பெரிய எழுத்தில் இருக்கும் அந்தப் பெயரைப் பார்த்து, “எடெல்கா, உங்க பிள்ளையை நாங்க நல்லாப் பாத்துக்கறோம். இனி அவன் எங்க பிள்ளை. நீங்க நிம்மதியாத் தூங்குங்க,” என்றாள். வருஷம் ஏன் போடவில்லை என்று கிரஹாம் கேட்டுக்கொண்டே போனில் படம் பிடித்தார்.

தன் பெயர் மட்டும் அம்மாவுக்குப் புரிந்தது. “எம் பேரைச் சொல்றாளே, என்னடி?” என்றாள். அவள் பூவைப் பார்த்தாள், பூ எந்தப் பெயருக்குக் கீழே இருக்கிறது என்று பார்த்தாள். அம்மாவுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை என்று உனக்குத் தெரியும்.

“எனக்கா?” என்றாள்.

ஆமாம்மா என்றேன்.

“எப்ப செத்தேனாம்?”

மூன்று வருஷம் ஆயிற்றாம் என்றேன். அவள் அழவில்லை. கைக்குட்டையை மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள். லோரெய்ன் எழுந்து அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு எடெல்காவைத் தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். உண்மையைப் போட்டு உடைத்துவிடலாம் என்று எனக்குத் துடித்தது. உன் குடும்பம் அந்த நிமிஷம் என் நாக்கு நுனியில் இருந்தது, பாலிந்த். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். தோல் கன்றிப்போகும் அளவுக்குக் கிள்ளினாள்.

“என்ன கேக்கறா? தெரியும்னு சொல்லு. பக்கத்து வீட்டுக்காரின்னு சொல்லு. நல்லவதான், பிள்ளைக்குத்தான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்டான்னு சொல்லு.”

சொன்னேன். லோரெய்ன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் ரொம்பக் கஷ்டப்பட்டார்களா, பாலிந்த் அதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறான் என்றாள். அதையும் அம்மாவிடம் சொன்னேன்.

“இல்லன்னு சொல்லு. இப்படி நின்னுட்டிருக்கும்போதே போய்ட்டா. அவளுக்கே தெரியலன்னு சொல்லு.”

உன் மாமியார் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அடுத்த கோடையில் கிம்மையும் குழந்தையையும் அழைத்து வருவார்களாம், குழந்தை தன் பாட்டியின் கல்லறையைப் பார்க்க வேண்டாமா என்றாள். மொழிபெயர்த்தேன். அதுவரை கட்டையாக நின்ற அம்மா அப்போதுதான் லோரெய்னின் முதுகைத் தட்டிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை நான் வேலைக்குப் போனதும் அம்மா கல் வெட்டுகிறவனிடம் போயிருக்கிறாள். இறந்துபோனவளின் பக்கத்து வீட்டுக்காரி என்று சொல்லிக்கொண்டாளாம். வந்து என்னிடம், “பொய் சொல்றவனுக்கு வருஷம் ஞாபகம் இருக்காது. அவன் மாட்டிக்கிட்டா அந்தப் பொண்ணு குழந்தையை இந்தப் பக்கமே விடாது. நாமதான் சரியாப் போட்டு வைக்கணும்,” என்றாள். நேற்றுப் போய்ப் பார்த்தேன். உன் கணக்குப்படி மூன்று வருஷத்துக்கு முந்தைய வருஷம்தான் இருக்கிறது, எழுத்து அழகாக வந்திருக்கிறது. வருஷம் இல்லாமல் கிரஹாம் எடுத்த படத்துக்கு என்ன காரணம் சொல்வது என்று நீ யோசித்து வைத்துக்கொள், உனக்கா தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எடுக்கவில்லை, என்னையும் எடுக்க விடவில்லை. உன்னைத் திட்டி எழுதக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அந்தச் சத்தியம் எப்போதோ போயிற்று.

அவள் ஆங்கிலம் படிக்கிறாள். கீழ்வீட்டுப் பெண்ணிடம் தினமும் கற்றுக்கொள்கிறாள். உன் பெயர் என்ன, வயது என்ன, கேக் சாப்பிடுகிறாயா, இவ்வளவுதான் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்கிறாள். அடுத்த கோடையில் கல்லறைப் பக்கம் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி நீலக் கோட்டில் வந்து நிற்பாள். உனக்கு அவளைத் தெரிய வேண்டாம். குழந்தையை மட்டும் ஒரு நிமிஷம் அவள் கையில் கொடு. விரல்களைப் பார்த்துக் குழந்தை பயந்தால், பயப்படாதே என்று சொல்லு.

நீ நன்றாக இருக்க வேண்டும் என்பது அவள் சொல்லி எழுதுவது.

இப்படிக்கு,
இல்திகோ