கட்டுக்கம்பி கலந்த லிண்டல்

சென்னை
7-3-1965

மரியே வாழ்க

அன்புள்ள அக்காவுக்கு, ஜோசப்ராஜ் எழுதிக்கொள்வது. தபசு காலமென்று தினமும் ஒருசந்தி இருந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

காலேஜ் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு இப்போது என்ன வேலை தெரியுமா? கட்டுக்கம்பியை இரண்டிரண்டு அங்குலமாக நறுக்குவது! அதைக் காங்கிரீட்டில் கலந்து உத்தரம் வார்க்கிறார் எங்கள் புரொபசர். நறுக்கும்போதெல்லாம் நம் தெரு ஞாபகம்தான். சுவர் மண்ணில் வைக்கோலைப் போட்டு நாம் மிதித்தோமே! நான் வழுக்கி விழுவேன், நீ காதைப் பிடித்துத் தூக்குவாய். நைனா கோட்டை மலைப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பார். சாயங்காலம் ஆளுக்கு ஒரு மடி வறுத்த மல்லாட்டை. அதே வித்தைதான் அக்கா இதுவும். வைக்கோலுக்குப் பதில் கம்பி.

நேற்று இரண்டு உத்தரங்களை மெஷினில் வைத்து அழுத்தினார்கள். வெறும் காங்கிரீட் பட்டென்று இரண்டாகப் போனது. அரிசி மில்லில் நைனா மேல் விழுந்த கல் உத்தரம் நினைவுக்கு வந்து, நான் வெளியே போய் நின்றுவிட்டேன். கம்பி கலந்தது விரிசல் விட்டது, ஆனால் விழவில்லை. இனி வீடு கட்டத் தடிக்கம்பியே வேண்டாம், பார்த்துக்கொண்டே இரு.

நீ வீடு கட்டுவது ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. ஒரு வரி எழுதக் கூடாதா?

உன் தம்பி
ஜோசப்ராஜ்

செஞ்சி
12-4-1965

மரியே வாழ்க

கண்ணான தம்பிக்கு, அக்கா எழுதுவது. ஊரார் சொல்லித்தான் தெரிந்ததா? நைனாவை அடக்கம் செய்த மறுவாரம் பஸ் ஏறினவன், ஆறு வருஷமாகத் திரும்பிப் பார்த்தாயா? சரி, சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

நீ எழுதியபடியே செய்துவிட்டேன். திண்டிவனம் கடைக்காரர் தடிக்கம்பிக்கு "அடுத்த வாரம் வாம்மா" என்றே மாதத்தை ஓட்டினார். உன் கடிதம் வந்ததும் கட்டுக்கம்பி வாங்கி நறுக்கினேன். முன்கூடத்து வாசலுக்கு மேலே உத்தரமாக ஒன்பதடி லிண்டல். கம்பியை ஒரே மூச்சில் கொட்டினேனா, சுருண்டு உருண்டையாகிவிட்டது. பாக்கியசாமி மேஸ்திரி, "இன்னாம்மா இது, காக்கா கூடு மாதிரி இருக்குது! உன் தம்பியா சொன்னான்?" என்று சத்தம் போட்டார். "காலேஜ்ல சொன்னாங்களாம்" என்றேன், பெருமையாக. பிறகு புடவையைச் செருகிக்கொண்டு, சுவர் மண் மிதிப்பது போலவே இறங்கி மிதித்தேன். பாதமெல்லாம் குத்திவிட்டது. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன். வலிக்குக்கூட நான் அழவில்லை. பிடித்துத் தூக்க உன் காது பக்கத்தில் இல்லையே என்றுதான் அழுகை வந்தது.

லிண்டலின் அடிப்பலகையைப் பிரித்தாயிற்று. மேலே சுவர் ஏறுகிறது. பாஸ்கா கழிந்ததும் தளம் போடுகிறோம். மே 23 சாமியார் வந்து வீடு மந்திரிப்பார். நீ வர வேண்டும்.

அக்கா
ராயம்மாள்

சென்னை
20-4-1965

அக்கா,

தந்தி அடித்துவிட்டு இதை எழுதுகிறேன். லிண்டலுக்கு உடனே முட்டுக் கொடு. அதன் கீழே யாரும் போகக் கூடாது.

பாஸ்கா விடுமுறை முடிந்து இன்றுதான் புரொபசரைக் கேட்க முடிந்தது. "ஒன்பதடிக்குத் தடிக்கம்பி இல்லாமலா? எந்த மடையன் சொன்னான்?" என்றார். அந்த மடையன் நான்தான். துண்டுக் கம்பி விரிசலைப் பிடித்து நிறுத்தும். சுமையைத் தடிக்கம்பிதான் தாங்க வேண்டுமாம். அது வேண்டாமென்று இங்கே யாருமே சொல்லவில்லை, நானாக எழுதினேன். கம்பி நறுக்குகிறவன், உன் முன்னால் இன்ஜினீயராகப் பார்த்தேன்.

நானே புறப்பட்டு வந்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு வரை போனேன். செஞ்சி பஸ் நின்றிருந்தது. ஏற முடியவில்லை அக்கா. அன்று மில் வாசலில் நான் நைனாவின் கட்டுவேலைக்குச் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தேன். உத்தரம் விழுமுன் ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. இப்போது நீயும் அப்படியொன்றின் கீழே இருக்கிறாய் என்று நினைத்ததும், பஸ் படியில் கால் வைக்காமலே திரும்பிவிட்டேன். நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் ஒரு வரி எழுது.

ஜோசப்ராஜ்

செஞ்சி
26-4-1965

மரியே வாழ்க

தம்பிக்கு, எல்லோரும் நலம். உன் கடிதம் வந்தும் இத்தனை நாள் எழுதாமல் இருந்தது கோபத்தால்தான்.

செவ்வாய்க்கிழமை காலை, உன் தந்தி வருமுன்பே, லிண்டல் விரிந்துவிட்டது. சித்தாள் அமிர்தவல்லி கல் சுமந்துகொண்டு கீழே போகிறாள், அவள் தலையில் பொடி உதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தால் விரல் நுழையும் விரிசல். உள்ளே தையல் போட்டது போல உன் கம்பிகள். "ஓடுங்க!" என்று மேஸ்திரி கத்தினார். ஓடினோம். அது விழவில்லை. பனைமரம் கொண்டுவந்து முட்டுக் கொடுக்கும் வரை விரிந்தது விரிந்தபடி நின்றது.

மத்தியானம் தந்தி. தந்தி என்றாலே சாவுதானே? உனக்குத்தான் என்னவோ என்று தெருவே கூடி அழுதது. போஸ்ட்மேன் படித்துக் காட்டியதும் எல்லோரும் சிரித்தார்கள், நான் அப்புறமும் அழுதேன். அந்தத் தந்தியைத் திண்டிவனத்தில் நீட்டினேன். கடைக்காரர் படிக்காமலே துக்க வீடென்று நினைத்து, பதுக்கி வைத்திருந்த தடிக்கம்பியை எடுத்துக் கொடுத்துவிட்டார்!

பழையதை என் கையாலேயே உடைத்தேன். புதிதில் தடிக்கம்பியும் உண்டு, உன் துண்டுக் கம்பியும் உண்டு. இந்த முறை உப்புத் தூவுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினேன். "அது இன்னாத்துக்கு இன்னும்?" என்றார் மேஸ்திரி. "இது சொல்லிட்டு நின்னுச்சு மேஸ்திரி. நைனாவுக்கு அந்தக் கல்லு சொல்லலியே" என்றேன். அவரும் ஒரு பிடி அள்ளித் தூவினார்.

நீ பெருமையடித்ததை மன்னித்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிப் போனதை இன்னும் மன்னிக்கவில்லை.

மந்திரிப்புக்குள் மற்ற முட்டுகளை எடுத்துவிடுவார்கள். நடுவில் நிற்கும் முட்டுமரத்தை மட்டும் யாரும் தொடக் கூடாதென்று சொல்லியிருக்கிறேன். சாமியார் வந்தாலும் காத்திருக்கட்டும். நீ வந்து, லிண்டலுக்குக் கீழே நின்று, உன் கையால் அதை எடுக்க வேண்டும். நான் பக்கத்திலேயே நிற்பேன், வேண்டுமானால் உன் காதைப் பிடித்துக்கொண்டு.

அக்கா
ராயம்மாள்